சிறகு முளைத்த ஸ்டாக் கார்களை வரைந்தது யார்?

மே 4

ஒரு தம்பி கேட்டது: "அண்ணா, 1969 டாட்ஜ் சார்ஜர் டேடோனாவின் பின்னால் நிற்கிற அந்த உயரமான இறக்கை நிஜமாகவே வேலை செய்ததா, இல்லை விளம்பரத்துக்கு வைத்ததா? டிக்கி மூடி திறக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு உயரம் என்று படித்தேன். வடிவமைத்தவர் பெயர் எங்கேயும் கிடைக்கவில்லை. ஒரே ஆளா?"

ஒரே ஆள் இல்லை. ஸ்டாக் கார் என்றால் சாலையில் விற்கிற காரை ஒட்டிக் கட்டிய பந்தயக் கார், டேடோனா அப்படி ஒன்று. இறக்கை வேலை செய்தது, ஆனால் எல்லோரும் நினைக்கிற வேலையை மட்டும் இல்லை. பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓட்டியவர்கள் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது, வரைந்தவர்கள் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. கேரி ராம்பெர்க், ஜான் பாயின்டர், பாப் மார்செல் இவர்கள் காற்றியக்கப் பக்கம். ஜார்ஜ் வாலஸ் கணக்குப் பக்கம். பந்தயத்தடத்தில் காரை நிறுத்தி ஓடவிட்டு ஒவ்வொன்றாகச் சரி பார்த்த பொறியாளர் லாரி ராத்கெப். எல்லோரும் கிரைஸ்லர் சம்பளக்காரர்கள், டாட்ஜ் அந்தக் கம்பெனியின் ஒரு பிராண்டு. அவர்களுக்கு மேலே அனுமதி கொடுக்கிற நாற்காலியில் பாப் ராட்ஜர்.

ராம்பெர்க்கும் பாயின்டரும் கிரைஸ்லரின் ஏவுகணை, விண்வெளிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கார் கம்பெனிக்கு ஏவுகணை எதற்கு என்று தோன்றும். ரெட்ஸ்டோன் ஏவுகணையைத் தயாரித்தது கிரைஸ்லர்தான், சாட்டர்ன் 1-பி ராக்கெட்டின் முதல் அடுக்கும் அவர்கள் செய்ததுதான். அந்த வேலை குறைந்தபோது அங்கிருந்த காற்றியக்க ஆட்களில் சிலர் கார் பக்கம் வந்தார்கள். ஒலியின் வேகத்தைத் தாண்டுகிற பொருளுக்குக் கணக்குப் போட்டவர்கள் கையில், முன்பக்கம் குழியாகவும் பின்பக்கம் பள்ளமாகவும் இருந்த 1968 சார்ஜரைக் கொடுத்தால் என்ன நடக்கும்? நடந்தது அதுதான்.

மே 4, இரவு

சார்ஜரின் குறை என்ன என்று சொல்லாமல் விட்டுவிட்டால் மீதி எதுவும் புரியாது.

1968 சார்ஜர் பார்க்க அவ்வளவு அழகு. இன்றைக்கும் எனக்கு அமெரிக்கக் கார்களில் அதைவிட அழகான பக்கவாட்டுக் கோடு வேறு இல்லை. ஆனால் கிரில் உள்ளே தள்ளி இருக்கிறது, காற்று அதில் போய் அடைந்துகொள்கிறது, முன்பக்கம் தூக்குகிறது. பின் கண்ணாடி இரண்டு பக்கத் தகடுகளுக்கு நடுவே உள்வாங்கி நிற்கிறது. கூரையிலிருந்து வழிந்து வரும் காற்று அந்தப் பள்ளத்துக்குள் இறங்க முடியாமல் பிய்த்துக்கொள்கிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, பின்பக்கமும் தூக்குகிறது. மணிக்கு 290 கி.மீ. வேகத்தில் இரண்டு அச்சுகளும் லேசாகிற காரை 31 டிகிரி சாய்ந்த பந்தயத்தட வளைவில் திருப்புகிறவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

முதல் வைத்தியம்தான் சார்ஜர் 500. கோரோனெட் காரின் கிரில்லை எடுத்து முகத்தோடு சமமாக வைத்தார்கள், பின் கண்ணாடியை வெளியே கொண்டுவந்து கூரையின் சரிவோடு ஒட்டவைத்தார்கள். இரண்டே மாற்றம். விளம்பரத்தில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அந்தப் பின் கண்ணாடிதான், இறக்கை இல்லை.

அது போதவில்லை. டேடோனா என்பது பந்தயத்தடத்தின் பெயரும்கூட; அங்கே நடந்த 1969 டேடோனா 500 என்ற 500 மைல் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சார்லி கிளாட்ஸ்பாக்கின் டாட்ஜைத் தாண்டி லீராய் யார்ப்ரோ ஃபோர்டில் ஜெயித்தார். அதற்குப் பிறகுதான் பாயின்டரும் மார்செல்லும் வைத்திருந்த வரைபடங்களுக்கு மதிப்பு வந்தது. இருவரும் தனித்தனியாக ஏறத்தாழ ஒரே மாதிரியான காரை வரைந்திருந்தார்கள்: கூர்மையான நீண்ட மூக்கு, பின்னால் இறக்கை. ஆகவே 'இதன் தந்தை யார்' என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயர் தேடினால் கிடைக்காது.

மே 6

"குதிரைத்திறனைக் கூட்டியிருக்கலாமே, கிரைஸ்லரின் பெரிய ஹெமி எஞ்சின்தான் இருந்ததே" என்று இன்னொருவர்.

கூட்டலாம். ஆனால் காற்றின் எதிர்ப்பைத் தாண்டத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 190 மைலில் ஓடும் கார் 200 மைலைத் தொட வேண்டும் என்றால், டயர் உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஏறத்தாழ 17 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். 600 குதிரைத்திறன் எஞ்சினில் அது இன்னொரு 100. ஏற்கெனவே விளிம்பில் ஓடுகிற எஞ்சினிலிருந்து 100 குதிரையை எங்கே போய்ப் பிடிப்பது? தகட்டை வளைத்தால் அது கிடைக்கிறது, எஞ்சின் 500 மைல் தாங்குமா என்ற கவலையும் இல்லை. இதைத் தாளில் எழுதி மேலதிகாரிகளுக்குக் காட்டுகிற மாதிரியான வேலைதான் வாலஸுடையது. பந்தய உலகில் இப்படி முன்கூட்டியே கணித்து இறங்குவது அப்போது சாதாரணமாக இருக்கவில்லை.

மே 7

இறக்கைக்கு வருகிறேன். கேள்வி அதுதானே.

நான் கார் உடல் வடிவமைப்புப் பக்கம் வேலை பார்ப்பவன். விண்ட் டனலில், அதாவது காற்றை வீசிச் சோதிக்கிற கூடத்தில், காரை நேராக வைத்து எண் எடுப்பது பாதி வேலைதான். அப்புறம் மேடையைச் சில டிகிரி திருப்பி, காற்று பக்கவாட்டிலிருந்து வருவது மாதிரி வைத்து மறுபடி எடுக்க வேண்டும். நேராக வைத்தபோது அருமையாக இருந்த கார், திருப்பினதும் கைவிட்டுவிடும். முதன்முதலில் அந்த வரைகோடுகளைப் பார்த்தபோதுதான் எனக்கு டேடோனாவின் இறக்கை புரிந்தது.

எல்லோரும் மேலே கிடைமட்டமாக இருக்கிற தகட்டைப் பார்க்கிறார்கள். அதைத் தாங்கி நிற்கிற இரண்டு செங்குத்துத் தூண்களைப் பாருங்கள். அவை வெறும் தூண்கள் இல்லை. காரின் முன்னால் 18 அங்குல மூக்கைச் சேர்த்தாயிற்று. மூக்கு நீண்டால் பக்கக் காற்று தள்ளுகிற மையப்புள்ளி முன்னால் நகர்கிறது. அது காரின் எடை மையத்துக்கு முன்னே போகப் போக, கார் கொஞ்சம் சறுக்கினாலும் இன்னும் சறுக்கத்தான் பார்க்கும். அந்த இரண்டு தூண்களும் பின்னால் நின்று பக்கக் காற்றை வாங்கி மையப்புள்ளியைப் பின்னுக்கு இழுக்கின்றன. அம்பின் வாலில் இறகு கட்டுகிற மாதிரி. இறக்கை இல்லாமல் அந்த மூக்கை மட்டும் மாட்டி ஓட்டியிருந்தால் ஓட்டுநர்கள் சாபம் விட்டிருப்பார்கள்.

மேல் தகட்டின் வேலை தனி. விமான இறக்கையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியது போன்ற வெட்டுமுகம், அலுமினியம். பந்தயக் காரில் கோணத்தை மாற்றிக்கொள்ளலாம். முன்பக்கத் தூக்கலை மூக்கு அடக்கிவிட்டதால் பின்பக்கமும் அதற்கு ஈடாக அழுந்த வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் வால் வீசும். மூக்கும் இறக்கையும் ஒன்றுக்கொன்று கணக்குத் தீர்க்கிற ஜோடி, தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே தப்பாகத் தெரியும்.

மே 7, சற்று நேரம் கழித்து

உயரம். 23 அங்குலம். டிக்கிக் கதை பொய் என்று நான் சொல்லமாட்டேன். சாலையில் விற்கிற காரில் டிக்கி திறந்தாக வேண்டும், தூண்கள் அதன் இரு பக்கமும் நிற்கின்றன, மூடி மேலே வரும்போது தகடு தடுக்கக் கூடாது. ஆனால் கூரைக்குப் பின்னால் வருகிற காற்று கலங்கிய காற்று. அதற்குள் இறக்கையை வைத்தால் பாதி வேலைதான் செய்யும். கலங்காத காற்று வேண்டும் என்றால் மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். என் அபிப்பிராயம்: உயரமாக வைக்கச் சொன்னது காற்று, எவ்வளவு உயரம் என்று முடிவு செய்ததில் டிக்கிக்கும் பங்கு உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் நம்ப வேண்டும் என்று சண்டை போட அவசியம் இல்லை.

மே 9

முன் மட்கார்டுகளின் மேலே பின்னோக்கிப் பார்க்கிற அந்தக் கொம்பு மாதிரியான மூடிகளைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பிரேக் குளிர்விக்க இல்லை. பந்தயக் காரைத் தாழ்த்தும்போது டயர் மேலே ஏறி மட்கார்டில் உரசும், அங்கே வெட்டித் திறந்து மேலே மூடி போட்டார்கள். திறப்பு இருப்பதால் சக்கரக் குழியில் அடைபட்ட காற்றுக்கும் வெளியே போக வழி கிடைக்கிறது, அது கூடுதல் லாபம்.

மே 10

எப்படிச் சோதித்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் இன்றைக்குக் கணினியில் இரவு ஓட்டிவிட்டுக் காலையில் வண்ணப் படம் பார்க்கிற நமக்கு அது எட்டாது.

கான்சாஸில் உள்ள விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் விண்ட் டனலில் எட்டில் மூன்று பங்கு அளவு மாதிரிகள். முழு அளவுக் காருக்கு ஜார்ஜியா மாநிலம் மரியெட்டாவில் லாக்ஹீட் விமானக் கம்பெனியின் டனல். இரண்டுமே விமானங்களுக்காகக் கட்டியவை. தரை நகராது, சக்கரம் சுழலாது. நிஜத்தில் காருக்கு அடியில் சாலை ஓடிக்கொண்டே இருக்கிறது, டனலில் தரை நின்றுகொண்டிருக்கிறது, ஆகவே தரையை ஒட்டி மந்தமான ஒரு காற்றுப் படலம் சேர்ந்து, கீழ்ப்பக்க எண்களைக் கெடுத்துவிடும். மூக்கின் அடியில் இருக்கிற சின்னத் தாடைத் தகடு எவ்வளவு அழுத்துகிறது என்பது போன்ற விஷயங்களை டனலை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது.

அதனால் மிச்சிகனில் செல்சியாவில் இருந்த கிரைஸ்லரின் சோதனைத் தடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1969 ஜூலையில் அங்கே கிளாட்ஸ்பாக் ஓட்டி மணிக்கு 243 மைல் வந்தது என்பது இந்தக் கார்களின் கதையில் எப்போதும் சொல்லப்படுகிற எண். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பிப்ரவரியில் தோற்றவர்கள் செப்டம்பரில் காரைப் பந்தயத்தில் நிறுத்திவிட்டார்கள் என்பது. இடையில் 500 சாலைக் கார்களையும் கட்டி முடித்தாக வேண்டும், அப்போதுதான் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்துகிற நாஸ்கார் அமைப்பு அனுமதிக்கும். அந்தக் கார்களை மாற்றிக் கட்டியது டெட்ராய்ட்டின் கிரியேட்டிவ் இண்டஸ்ட்ரீஸ். மொத்தம் 503 என்பது பரவலாக ஏற்கப்பட்ட எண்ணிக்கை.

நான் மிச்சிகனில் வேலை பார்த்த காலத்தில் ஒரு கண்காட்சியில், கிரைஸ்லரின் இன்னொரு பிராண்டான பிளிமத் விட்ட இறக்கைக் கார் சூப்பர்பேர்டைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூக்குக்கும் பானெட்டுக்கும் நடுவே விரல் போகிற அளவுக்கு இடைவெளி, ஓரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அவசரமாகக் கட்டிய கார் என்பது கண்ணில் அடிக்கிறது. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. பந்தயத் தேதிக்கு முன் முடிக்க வேண்டும் என்று ஓடிய ஆட்களின் அவசரம் அந்தத் தகட்டில் அப்படியே இருந்தது.

மே 11

சூப்பர்பேர்டும் டேடோனாவும் ஒன்றுதானே என்று கேட்டவருக்கு: இல்லை. சூப்பர்பேர்ட் 1970. பிளிமத்தின் முன் மட்கார்டுகள் மூக்கை மாட்டச் சரிப்படவில்லை, டாட்ஜ் கோரோனெட்டின் மட்கார்டையும் பானெட்டையும் போட்டார்கள். மூக்கின் வடிவம் வேறு, இறக்கைத் தூண்கள் இன்னும் பின்னால் சாய்ந்திருக்கும். கூரையில் வினைல் உறை ஏன்? பின் கண்ணாடியை மாற்றிப் பற்றவைத்த தழும்பை மறைக்க. ரிச்சர்ட் பெட்டி 1969-இல் இப்படி ஒரு கார் இல்லை என்று பிளிமத்தை விட்டு ஃபோர்டுக்குப் போனார், 1970-இல் சூப்பர்பேர்டுக்குத் திரும்பி வந்தார். அந்த ஆண்டு டேடோனா 500-ஐ பெட்டி அணியின் இன்னொரு சூப்பர்பேர்டில் பீட் ஹாமில்டன் ஜெயித்தார்.

விற்பனை? படுமோசம். 1970-இல் விதி மாறி, டீலர்களின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்ட வேண்டி வந்ததால் 1,900-க்கு மேல் கட்டினார்கள். சில டீலர்கள் மூக்கையும் இறக்கையையும் கழற்றிச் சாதாரண ரோட் ரன்னராக விற்றார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மே 13

இரண்டு நாள் யோசித்தேன். முதல் குறிப்பில் ஏவுகணைப் பொறியாளர்கள் என்று ஆரம்பித்ததால், பட்டம் படித்தவர்கள் வந்துதான் ஸ்டாக் கார்களுக்குக் காற்று என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார்கள் என்கிற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக்கூடும். அது நியாயமே இல்லை.

1960 டேடோனா 500-ஐ ஜூனியர் ஜான்சன் எப்படி ஜெயித்தார்? அவருடைய ஷெவர்லே மற்றவர்களைவிட மெதுவான கார். வேகமான காரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் தன் காரும் அந்த வேகத்துக்கு வருகிறது என்று பயிற்சியிலேயே கண்டுபிடித்துவிட்டார். எந்த டனலும் இல்லை, கால் அழுத்துகிற பெடலில் உணர்ந்ததுதான்.

அப்புறம் ஸ்மோக்கி யூனிக். டேடோனா பீச்சில் கராஜ் வைத்திருந்தவர். அவருடைய 13-ஆம் எண் ஷெவர்லே ஷெவெல் கார், 1967 டேடோனா 500-க்கு கர்ட்டிஸ் டர்னர் ஓட்டி 180.831 மைல் வேகத்தில் முதல் இடத்தில் தகுதி பெற்றது, பெரிய கம்பெனிகளின் ஆதரவு பெற்ற கார்களையெல்லாம் தாண்டி. அதை எட்டில் ஏழு பங்காகச் சுருக்கிக் கட்டினார் என்ற கதையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது சுருக்கின கார் இல்லை. பம்பரை உடலோடு ஒட்டினார், அடிப்பாகத்தை வழவழப்பாக்கினார், கூரையின் பின்விளிம்பில் சின்ன உதடு மாதிரி ஒன்று விட்டார். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவு. விதிப் புத்தகத்தில் எது எழுதப்படவில்லையோ அங்கேதான் அவர் வேலை பார்த்தார். நான் அவரைப் பொறியாளர் என்றுதான் சொல்வேன், சான்றிதழ் எதுவும் கேட்கமாட்டேன்.

1966 சார்ஜரையும் மறக்கக் கூடாது. முதுகு சரிந்து அழகாக இருந்த கார், வேகத்தில் பின்பக்கம் தூக்கியது. டிக்கி ஓரத்தில் ஒரு சின்னத் தகட்டைச் செங்குத்தாக நிறுத்த அனுமதி வாங்கினார்கள், அந்த ஜூலை 4-ஆம் தேதி ஃபயர்கிராக்கர் 400-ஐ சாம் மெக்வாக் அதில் ஜெயித்தார். டேடோனாவின் இறக்கைக்கு மூன்று வருடம் மூத்த அண்ணன் அந்தத் தகடு.

மே 14

ஃபோர்டு பக்கம் எழுதவே இல்லை என்று கோபித்துக்கொண்ட ஐயாவுக்கு.

ஃபோர்டின் டோரினோ டல்லடேகா கார் எனக்கும் பிடிக்கும். மூக்கைச் சில அங்குலம் நீட்டிக் கூம்பாக்கினார்கள், கிரில்லைச் சமமாக்கினார்கள், முன் பம்பர் என்ன தெரியுமா? ஃபோர்டின் ஃபேர்லேன் காருடைய பின் பம்பரை வெட்டி, லேசாக V வடிவில் வளைத்து முன்னால் மாட்டியது. இதையெல்லாம்விடப் பெரிய வித்தை கதவுக்குக் கீழே இருக்கிறது. காரின் தரை உயரத்தை நாஸ்கார் அளப்பது கதவுக்கடி ஓரத் தகட்டிலிருந்து. அந்தத் தகட்டை மேலே உருட்டி மடித்துவிட்டால், அளக்கிறபோது உயரம் சரியாக இருக்கும், உடலோ மற்றவர்களைவிடத் தாழ்ந்து நிற்கும். சாலைக் காரிலேயே அப்படி விற்றதால் பந்தயத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஃபோர்டுக்குப் பந்தயக் கார் கட்டிய ஹோல்மன்-மூடியின் ரால்ஃப் மூடிக்கு இந்தக் காரில் பெரிய பங்கு. அவரும் கராஜிலிருந்து வந்தவர்தான்.

டாட்ஜின் இறக்கைக் காருக்குப் பதிலடியாக ஃபோர்டு கிங் கோப்ரா என்று ஒரு காரை ஆரம்பித்தது. வரைந்தவர் லாரி ஷினோடா, கார்வெட் ஸ்டிங் ரே வடிவத்திலும் பாஸ் 302 மஸ்டாங்கிலும் பங்கு உள்ளவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே மன்சனார் முகாமில் அடைக்கப்பட்ட சிறுவர்களில் ஒருவர். அவரை ஃபோர்டுக்குக் கொண்டுவந்த அதன் தலைவர் பங்கி நூட்சன் 1969 செப்டம்பரில் பதவி நீக்கப்பட்டார், கிங் கோப்ரா சில முன்மாதிரிகளோடு நின்றுபோனது. அது மட்டும் ஓடியிருந்தால் 1970 எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மே 16

டேடோனா காரின் முதல் பந்தயம் பற்றி ஒரு வார்த்தை. 1969 செப்டம்பர் 14, புதிதாகத் திறந்த டல்லடேகா தடம், 33 டிகிரி சாய்வு. டயர்கள் பயிற்சியிலேயே பிய்ந்தன. பெரிய ஓட்டுநர்கள் பலர் ஓடமாட்டோம் என்று கிளம்பிவிட்டார்கள். மீதி இருந்தவர்களில் ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ் டேடோனா காரில் ஜெயித்தார். சிலர் இதை வெற்றுவெற்றி என்கிறார்கள். நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன்: உடலை வடிவமைத்தவர்கள் டயர் செய்தவர்களைவிட வேகமாக முன்னேறிவிட்டார்கள். ஓட்டுநர்கள் போனது சரி, உயிர் அவர்களுடையது.

மே 17

ராத்கெப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். 1970 மார்ச் 24, டல்லடேகாவில் பட்டி பேக்கர் கிரைஸ்லரின் சோதனைக் காரில் 200.447 மைல் சராசரிச் சுற்று ஓட்டினார். மூடிய தடத்தில் ஒரு ஸ்டாக் கார் 200-ஐத் தாண்டியது அதுதான் முதல்முறை. கிலோமீட்டரில் 322-க்கு மேல். அந்தக் காரைப் பொறுப்பெடுத்து நடத்தியவர் ராத்கெப். 2020 மார்ச் 22, கொரோனாவில் இறந்தார், வயது 90. அந்தச் சுற்றின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு இரண்டே நாள் இருந்தது. பேக்கரின் பெயர் சாதனைப் பட்டியலில் இருக்கிறது. பக்கத்தில் ராத்கெப்பின் பெயரும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மே 20

"ஏன் நிறுத்தினார்கள்?" தடை செய்தார்கள் என்று பொதுவாகச் சொல்வது முழு உண்மை இல்லை. 1971-க்கு இந்த மூக்குக் கார்களின் எஞ்சின் 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். ஹெமி 426. அதாவது ஏழு லிட்டரிலிருந்து ஐந்து லிட்டர். ஓடலாம், ஜெயிக்க முடியாது என்கிற மாதிரி ஒரு விதி. அந்தச் சின்ன எஞ்சினோடும் டிக் புரூக்ஸ் 1971 டேடோனா 500-இல் ஒரு டாட்ஜ் டேடோனாவை ஓட்டி ஏழாவதாக வந்தார். எஞ்சினில் கால் பங்குக்கு மேல் போன பிறகும் ஏழாவது இடம்! ராம்பெர்க், பாயின்டர், மார்செல் செய்த வேலைக்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 1970 நாஸ்கார் பட்டம் வென்ற பாபி ஐசக் 1971 செப்டம்பரில் டேடோனாவை போன்வில் உப்புப் பாலைக்குக் கொண்டுபோய் 28 சாதனைகளை முறியடித்தார். அங்கே 305 விதி கிடையாது.

மே 23

80-களுக்குத் தாவியவருக்குச் சுருக்கமாக. 1986-இல் ஜெனரல் மோட்டார்ஸ் மான்டி கார்லோ ஏரோகூப்பேயை விட்டது, நிமிர்ந்து நின்ற பின் கண்ணாடியைச் சரித்துப் போட்டார்கள், முதல் வருடம் 200 கார். சார்ஜர் 500-இல் செய்த அதே வைத்தியம், 17 வருடம் கழித்து.

பில் எலியட் 1987-இல் ஃபோர்டு தண்டர்பேர்டில் டல்லடேகாவில் மணிக்கு 212.809 மைல் ஓடினது ஏப்ரல் 30. மே 3 பந்தயத்தில் பாபி அலிசனின் டயர் போய், கார் பின்பக்கமாகப் பறந்து வேலியைக் கிழித்தது. அதற்குப் பிறகுதான் 1988-இலிருந்து அந்தப் பெரிய தடங்களில் கார்புரேட்டருக்கு அடியில் காற்றை மட்டுப்படுத்தும் தகடு வந்தது. கார் பின்பக்கமாகத் திரும்பினால் தானே எழுந்து நிற்கிற கூரை மடல்கள் 1994-இல் வந்தன. அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, வார இறுதியில் உட்காருகிறேன்.